ஆலயத்துக்குள் பந்தி: மாமாவுக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான மாமாவுக்கு,

தோத்திரம். போன வாரம் போனில் பேசியபோது நான் உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து வெளியே நடைபாதையில் படுத்துக் கிடப்பவர்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் நம் ஆலயத்தில் மதியச் சாப்பாடு போடலாம் என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். கமிட்டி அதைத் தள்ளிவைத்துவிட்டது என்றீர்கள். கண்டவர்களும் உள்ளே வந்தால் ஆலயத்தின் பரிசுத்தம் என்னாவது, அரசாங்கமே அம்மா உணவகம் நடத்தும்போது நாம் எதற்கு, ஞாயிறு ஆராதனைக்கே ஆள் குறைகிறதே என்றெல்லாம் கேட்டீர்கள். நகரத்துச் சபைகள் பலவற்றிலும் இதே பேச்சு இருப்பதால், உங்கள் பெயர் சொல்லாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இங்கே நியூயார்க்கில், மன்ஹாட்டனின் செல்சி பகுதியில், ஒன்பதாவது அவென்யூவும் 28-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோயில் இருக்கிறது. பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம். 1840-களில் கட்டிய செங்கல் கட்டடம், மேலே கூர்கோபுரம். எபிஸ்கோப்பல் சபை, அதாவது ஆங்கிலிக்கன் வழியில் நம் சி.எஸ்.ஐ.க்கு (தென்னிந்தியத் திருச்சபைக்கு) உறவுக்காரர்கள். வேலையில் விடுப்பு கிடைக்கும் வார நாட்களில் நான் அங்கே பரிமாறப் போகிறேன்.

முதல் நாள் போனபோது சாப்பாடு எங்கே போடுவார்கள் என்று பின்பக்கம் தேடினேன். நம் ஊர்ப் பழக்கம். பின்னால் ஒரு ஹால், ஒரு ஷெட், இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து ஆலயத்துக்குள்ளேயே அழைத்துப் போனார். பலிபீடம் இருக்கிற அதே மண்டபத்தில், வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குக் கீழே, வட்ட மேஜைகள் போட்டிருந்தன. ஜனங்கள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம் என் கால் நகரவில்லை. நாம் பேசத் தயங்கிக் காலைத் தேய்த்துக்கொண்டு நுழையும் இடம் அல்லவா அது?

அப்புறம்தான் கதையைச் சொன்னார்கள். சாப்பாடு தொடங்கியது 1982 அக்டோபரில். அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்த காலம். நகரத்தில் மலிவான ஒற்றை அறை விடுதிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அவற்றில் குடியிருந்தவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சபையும் ஆள் குறைந்து, பணம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் வாசலைத் திறந்தார்கள். முதல் நாள் வந்தவர்கள் சுமார் 35 பேர். பிற்பாடு ஒரு நாளைக்கு 1000 பேருக்கு மேலும் வந்து சாப்பிட்டுப் போகும் இடமாக அது வளர்ந்தது.

1990 ஏப்ரலில் ஆலயம் தீப்பிடித்தது. கூரை போனது, பழைய ஜன்னல்களில் சில போயின. மறுநாளும் சாப்பாடு நிற்கவில்லை. சில வருடங்கள் கழித்து ஆலயத்தைத் திரும்பக் கட்டி எழுப்பியபோது, தரையோடு பொருத்தும் நீண்ட பெஞ்சுகளை அவர்கள் திரும்பப் போடவில்லை மாமா. எடுத்து வைக்கக்கூடிய நாற்காலிகளும் மேஜைகளும் போதும் என்று முடிவெடுத்தார்கள். வார நாட்களில் பந்தி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, இரண்டும் ஒரே தரையில். அந்த முடிவை எடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எத்தனை பேர் உங்களைப் போலவே கவலைப்பட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வருகிறவர்களை அங்கே விருந்தாளிகள் என்றுதான் சொல்கிறார்கள். பத்தரை மணிவாக்கில் கதவு திறக்கும். யார், எந்த ஊர், என்ன மதம், வேலை இருக்கிறதா, குடிப்பாயா என்று ஒரு கேள்வியும் கிடையாது. நான் கையுறை மாட்டிக்கொண்டு காய்கறி வைக்கும் இடத்தில் நிற்பேன். ஒரு தட்டுக்கு ஒரு கரண்டி, ஒரு வணக்கம். வந்தவர்களில் சிலர் குளித்துப் பல நாள் ஆகியிருக்கும். சிலர் டை கட்டி வருவார்கள். சாப்பிட்டு முடித்தபின், அடையாள அட்டை தொலைத்தவருக்கு, தங்க இடம் தேடுகிறவருக்கு, யாரிடம் போக வேண்டும் என்று வழிகாட்டவும் ஆள் இருக்கிறார்கள். 1990-களிலிருந்து அங்கே ஓர் எழுத்துப் பட்டறையும் நடந்தது. சாப்பிட வந்தவர்கள் உட்கார்ந்து தங்கள் கதையை எழுதி, சத்தமாக வாசிப்பார்கள். வயிற்றுக்குப் போட்டபின் அந்த மனிதருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

அரசாங்கம் இருக்கிறதே என்றீர்கள். இங்கேயும் அரசாங்கம் ஏழைகளுக்கு உணவுக்கென்று மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறது. பலருக்கு அது மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். மாதக் கடைசியில் வரிசை நீளும். அம்மா உணவகத்தில் இட்லி கிடைக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு நடந்து போய் வாங்கி வர முடியாதவள், பேசுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் பத்து நாள் நடைபாதையில் உட்கார்ந்திருப்பவள், அவளுக்கு நம் வாசல்தானே பக்கம்?

ஆள் இல்லை என்பதற்கும் பதில் இங்கே பார்த்தேன். பரிமாறுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சபையாரே இல்லை. யூதர்கள், கத்தோலிக்கர்கள், கோயிலுக்கே போகாதவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள். பணமும் அப்படித்தான், வெளியிலிருந்து வருவதே அதிகம். சிறிய சபை செய்தது கதவைத் திறந்து வைத்தது. ஆலயத்தைச் சுற்றி 2,820 வீடுகள் கொண்ட கூட்டுறவுக் குடியிருப்பு, சற்றுத் தள்ளி அரசாங்கத்தின் ஏழைகள் குடியிருப்பு, அதற்கும் மேற்கே ஹட்சன் யார்ட்ஸின் கண்ணாடிக் கோபுரங்கள். இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய வேறு மண்டபம் அந்த வட்டாரத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். சில நாள் சண்டை வரும், கழிப்பறை அசுத்தமாகும். கழுவுகிறார்கள். கொரோனா வந்த 2020-இல் உள்ளே உட்கார வைக்க முடியாமல் போனபோது பொட்டலமாகக் கட்டி வாசலில் நின்று கொடுத்தார்கள்.

பரிசுத்தம் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு நம் ஊரையே நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஊரோடு சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு விடிகாலையில் கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் ஆக்குவோமே. பண்ணையார் வீட்டுக்காரரும் பனையேறுகிறவரும் ஒரே பந்தி. அடுத்த தெரு இந்துக்காரர்களும் தூக்குவாளியோடு வருவார்கள், யாரும் தடுத்ததில்லை. அம்மாச்சி வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு, ஞாயிறு கோயிலுக்குக் கொண்டு போனதும் உங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். சென்னைக்குக் குடிவந்தபோது நாம் பாட்டையும் கீர்த்தனையையும் கொண்டுவந்தோம், அந்த அடுப்பை ஊரிலேயே விட்டுவிட்டோம்.

நம் சபையில் பெஞ்சுகளை எடுக்கச் சொல்லவில்லை. ஹால் போதும். புதன்கிழமை மத்தியானம் அது சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. ஐம்பது பேருக்கு மூன்று மாதம் செய்து பார்க்கலாம், கணக்கை வாலிபர்களே எழுதட்டும். முதல் மாத அரிசிக்கு நான் அனுப்புகிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் அத்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்கள் ஐக்கியத்தின் பெரிய அண்டா இரண்டு குருமனைக்கு (போதகர் வீட்டுக்கு) பின்னால் கவிழ்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஈயம் பூச வேண்டியிருக்குமாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்