நாற்பது பிரதி கேட்பதற்கு முன் ஒரு பிரதி

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் பள்ளி நூலகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. "ஆறாம் வகுப்புக்கு நல்ல கதைப் புத்தகம் ஒன்று, நாற்பது பிரதி அனுப்பிவையுங்கள்" என்று தொலைபேசியில் சொல்பவர்களுக்கு, முன்பெல்லாம் மறுநாளே கட்டுக் கட்டி அனுப்பிவிடுவோம். இப்போது மூன்று நான்கு கேள்வி கேட்கிறோம். சிலருக்குக் கோபம் வந்திருக்கிறது. "புத்தகம் விற்கக் கடை வைத்திருக்கிறீர்களா, நேர்காணல் நடத்தவா?" என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டேவிட்டார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம் என்பதால் மடலாக எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு 42 பிரதிகள் அனுப்பினோம். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்த சாகசக் கதை, அழகான அட்டை. அட்டையையும் பின்பக்கக் குறிப்பையும் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தோம். உள்ளே படித்துப் பார்க்கவில்லை. முதல் அத்தியாயமே 19 பக்கம். அதில் பாதி அரண்மனை வருணனை. கதாநாயகன் குதிரையிலிருந்து இறங்குவதற்குள் பாடவேளை மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் முன்கதையை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் வாரம் புத்தகங்கள் பீரோவுக்குள் போயின. ஆண்டு இறுதியில் அந்தத் தமிழாசிரியை வேறு ஏதோ வாங்க வந்தபோது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. "பிள்ளைகளுக்குப் படிக்கிற பழக்கம் இல்லை சார்" என்றார். எங்களுக்குத்தான் சுருக்கென்றது. பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டாயிற்று. புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த ஆள் கல்லாவில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருக்கிறான். பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

அது மோசமான புத்தகம் இல்லை. விடுமுறையில் திண்ணையில் படுத்துக்கொண்டு ஒரு பிள்ளை தானாகப் படிக்க மிக நல்ல புத்தகம். வகுப்புக்கு ஆகாது, அவ்வளவுதான். வகுப்பில் ஒரு கதையைச் சுமப்பது ஆசிரியரின் வாய். அதை நிறுத்துவது மணி. இந்த இரண்டையும் கேட்காமல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை அந்த 42 பிரதிகளில்தான் கற்றுக்கொண்டோம்.

ஆகவே எங்கள் முதல் கேள்வி: வகுப்பில் யார் படிக்கப்போகிறார்கள்? நீங்கள் வாசிக்க, பிள்ளைகள் கேட்கப்போகிறார்கள் என்றால் அவர்களுடைய வகுப்புக்கு ஒன்றிரண்டு படி மேலே உள்ள புத்தகத்தையே எடுக்கலாம். கண்ணால் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது பிள்ளைகளுக்கு எளிது. அதற்கு ஒரே ஒரு பிரதி போதும். (ஆம், கடைக்காரர்தான் சொல்கிறோம்.) பிள்ளைகளே படிக்க வேண்டும் என்றால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு புத்தகங்கள் வந்திருக்கின்றன அல்லவா? 'பற' வரை வந்த பிள்ளையின் கையில் அடுத்த நாளே 200 பக்க நாவலைக் கொடுத்தால் அது பறக்காது. நடுவில் ஒரு தங்குமிடம் வேண்டும்: 60 முதல் 90 பக்கம், எட்டு முதல் பன்னிரண்டு அத்தியாயம், இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு படமாவது. இந்த அளவில் தமிழில் புத்தகங்கள் கொஞ்சம்தான். இருப்பவற்றைத் தனி அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறோம்.

இரண்டாவது கேள்வி: உங்கள் பாடவேளை எத்தனை நிமிடம்? கடையில் மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்க வாசித்துப் பார்த்தோம். டெமி அளவில் (வழக்கமான கதைப் புத்தக அளவு), 14 புள்ளி எழுத்தில் அச்சிட்ட ஒரு பக்கத்தை அவசரப்படாமல், பேசும் ஆட்களுக்குக் குரல் மாற்றி வாசிக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகிறது. 40 நிமிடப் பாடவேளையில் வருகைப்பதிவு, "சார், போன வாரம் எங்கே நிறுத்தினோம்?", பேச்சு எல்லாம் போக 20 நிமிடம் மிஞ்சினால் பெரிது. ஆகவே ஓர் அத்தியாயம் பத்துப் பக்கத்துக்குள் முடிய வேண்டும். எட்டு என்றால் இன்னும் நிம்மதி.

இந்த இடத்தில் பழைய புத்தகங்கள் நமக்குக் கை கொடுக்கின்றன. 1972-இல் அழ. வள்ளியப்பாவை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய 'கோகுலம்' போன்ற சிறுவர் பத்திரிகைகளில் நீள்கதைகள் தொடராக வந்தன. இதழுக்கு இத்தனை பக்கம் என்ற கட்டுப்பாடு எழுதியவருக்கு இருந்தது; அடுத்த இதழ் வரை பிள்ளையைக் காக்க வைக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. அதனால் தொடராக வந்து புத்தகமான கதைகளில் அத்தியாயங்கள் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல ஒரே நீளத்தில் இருக்கும். சரியான இடத்தில் அறுந்து நிற்கும். பத்திரிகைக்காரர் போட்ட 'தொடரும்' உங்கள் மணிக்கும் பொருந்திவிடுகிறது. புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டையைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசி நான்கு வரியை மட்டும் புரட்டிப் பாருங்கள். எல்லாரும் தூங்கப் போகிற அத்தியாயங்கள் அடுத்தடுத்து மூன்று வந்தால் நாங்கள் கீழே வைத்துவிடுவோம்.

பாடவேளைகள் அடிக்கடி பறிபோகும் பள்ளிகளுக்கு (விளையாட்டு விழா ஒத்திகை, கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது, மழை விடுமுறை) தொடர்ச்சியான கதையைவிடத் தனித்தனியாக நிற்கும் அத்தியாயங்கள் உள்ள புத்தகம் ஏற்றது. இதற்கு நாங்கள் எப்போதும் காட்டும் உதாரணம் 'டோட்டோ-சான்'. ஜப்பானில் 1981-இல் வெளிவந்தது; தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் கொண்டுவந்தது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட பள்ளியில் படித்த ஒரு சிறுமியின் நினைவுகள். அத்தியாயங்கள் மிகச் சிறியவை. மூன்று வாரம் இடைவெளி விட்டு எடுத்தாலும் பிள்ளைகளுக்கு நூல் அறுவதில்லை.

காலண்டரையும் பாருங்கள். ஜூனில் தொடங்கும் கதை செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிந்தாக வேண்டும். வாரம் ஒரு நூலகப் பாடவேளை என்றால் விடுமுறை போகப் பத்துக்குமேல் கிடைக்காது. பதினெட்டு அத்தியாயப் புத்தகத்தைத் தொடங்கி, தேர்வு முடிந்து வந்து, "அந்தக் கிழவர் யார்?" என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பது யாருக்கும் மகிழ்ச்சியான வேலை இல்லை.

அடுத்தது எழுத்து. இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். போன மாதம் ஓர் ஐந்தாம் வகுப்பு மாணவி தன் அம்மாவோடு கடைக்கு வந்திருந்தாள். ஒரு கதையை எடுத்து, நின்றபடியே விரல் வைத்துப் படித்தாள். சரளமாக வந்துகொண்டிருந்த விரல் ஓரிடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தோம்: 'நின்றுகொண்டிருந்தவர்களிடமிருந்துதான்'. 20 எழுத்து. போதாததற்கு அந்தச் சொல் வரியின் ஓரத்தில் வந்து, 'நின்றுகொண்டிருந்த' என்று ஒரு வரியிலும் 'வர்களிடமிருந்துதான்' என்று அடுத்த வரியிலும் உடைந்திருந்தது. நம் அச்சில் இணைப்புக் கோடு போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அவள் 'வர்களிடம்' என்பதைப் புதுச் சொல் என்று நினைத்து, யாரோ ஓர் ஆளின் பெயர்போல உச்சரித்தாள். அம்மா சிரித்தார், பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டாள். கதை எழுதியவர்மேல் குற்றமில்லை. 'அங்கே நின்றவர்களிடம்தான்' என்று எழுதியிருந்தாலும் கதை குறைந்திருக்காது என்பது வேறு விஷயம். நான்கு, ஐந்தாம் வகுப்பென்றால் எழுத்து பெரிதாக இருக்கிறதா, வரிகளுக்கிடையே காற்று போகிறதா, சொற்கள் ஓரத்தில் உடையாமல் இருக்கின்றனவா என்று மூன்று பக்கம் பாருங்கள். எட்டாம் வகுப்புக்கு இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வட்டார வழக்கைப் பற்றியும் கேட்கிறீர்கள். உரையாடல் பேச்சுத் தமிழில் இருந்தால் பிள்ளைகள் தேர்விலும் அப்படியே எழுதிவிடுவார்கள் என்ற பயம் பல தமிழாசிரியர்களுக்கு இருக்கிறது. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலும், பாட்டி பேசுவது பாட்டி பேசுவதுபோலவும் இருந்தால் பிள்ளைகள் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள். நீங்கள் வாசிக்கும்போது அந்த இடத்தில்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆனால் அது உங்கள் வாயில் வரக்கூடிய வழக்காக இருக்க வேண்டும். மதுரைப் பக்கத்து ஆசிரியர் நாகர்கோவில் வழக்கைத் தடுமாறி வாசித்தால் பிள்ளைகள் சிரிப்பது கதைக்காக இருக்காது.

பழைய கதைகளை மறுபதிப்பில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பாக இருப்பவன் திருடன், குண்டாக இருப்பவன் கோமாளி, திக்கிப் பேசுபவன் முட்டாள் என்ற பழக்கம் அந்தக் காலத்துக் கதைகளில் நிறைய உண்டு. வீட்டில் தனியாகப் படிக்கும்போது கடந்து போய்விடும். வகுப்பில் உரக்க வாசிக்கும்போது நாற்பது தலையும் ஒரே பிள்ளையின் பக்கம் திரும்பும். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே பட்டப்பெயர் விழுந்துவிடும். உங்கள் வகுப்பின் பெயர்ப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துவிடுங்கள். இந்த வேலையைக் கடைக்காரர் செய்ய முடியாது. அந்தப் பிள்ளைகளை நீங்கள்தான் அறிவீர்கள்.

விருது பெற்ற புத்தகம்தானே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். இரண்டுமே சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவை. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023-ஆம் ஆண்டு விருது) கீழடியை வைத்து எழுதிய சிறார் நாவல். கீழடிப் பானை ஓடுகளில் கிடைத்த பெயர்களில் ஒன்று ஆதன். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. கதையில் பாதி, நேரில் ஒரு நாள், பிறகு மீதிக் கதை என்று செய்தால் சமூக அறிவியல் ஆசிரியரும் உங்களோடு சேர்ந்துகொள்வார். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020) வேறு வகை. பிள்ளைகள்மீதான பாலியல் தொந்தரவைப் பிள்ளைகளுக்கே புரியும்படி பேசும் கதை. கட்டாயம் பள்ளிகளில் இருக்க வேண்டியது. ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சும்மா எடுத்து வாசிக்கிற புத்தகம் இல்லை. வாசித்து முடித்ததும் ஒரு பிள்ளை உங்களிடம் வந்து ஏதாவது சொல்லலாம். யாரிடம் கொண்டுபோவது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்படிப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே தலைமையாசிரியரோடு பேசிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். விருது இரண்டுக்கும் ஒன்றுதான். வகுப்பில் இரண்டும் ஒன்றல்ல.

அத்தியாயத்தின் முடிவில் கேள்விகள் அச்சிட்ட புத்தகம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. கேட்டால் தருவோம், வற்புறுத்த மாட்டோம். கோடிட்ட இடத்தை நிரப்பப் பாடப்புத்தகம் போதாதா?

கட்டுமானம் பற்றிச் சுருக்கமாக: 64 பக்கம் வரை நடுவில் பின் அடித்த புத்தகம் நன்றாக உழைக்கும். அதற்கு மேல், முதுகில் பசை மட்டும் போட்டது வகுப்பில் ஓர் ஆண்டு தாங்காது. இரண்டு பக்கமும் மடக்கிப் பிடித்துப் பிடித்து ஏடு கழன்றுவிடும். நூல் தையல் போட்ட பதிப்பு இருந்தால் பத்து இருபது ரூபாய் கூடினாலும் அதையே எடுங்கள்.

இனி எங்கள் ஏற்பாடு. முதலில் ஒரு பிரதி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வைத்திருந்து, ஓர் அத்தியாயத்தை வீட்டில் உரக்க வாசியுங்கள். முடிந்தால் ஏதாவது ஒரு வகுப்பிலும் வாசித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். எங்களிடம் வாங்காமல் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு வந்தாலும் சரிதான். பிள்ளைகளே படிக்கும் முறையென்றால் நாற்பது பேருக்கு 20 பிரதி போதும். இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் எடுத்துக் கொடுப்பார். 100 ரூபாய்ப் புத்தகம் 20 பிரதி என்றால் 10 சதவீதக் கழிவு போக 1,800 ரூபாய். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில் தலைமையாசிரியர் பெயரில் வேண்டுமா, பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் வேண்டுமா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது எங்களுக்கும் உங்களுக்கும் அலைச்சல். தமுக்கம் புத்தகத் திருவிழா நாட்களில் கடையில் ஆள் குறைவு, அந்த வாரத்தில் மொத்த ஆர்டர் அனுப்பத் தாமதமாகும்.

ஒரு வாரத்துக்கு எடுத்துப் போகும் பிரதியில் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நிறுத்த வேண்டிய இடத்தில் பென்சில் கோடு போட்டுக்கொள்ளலாம். அழிக்காமலே திருப்பிக் கொடுங்கள். வேறோர் ஆசிரியர் எங்கே நிறுத்தினார் என்று பார்ப்பதற்கு அடுத்து எடுப்பவர்கள் ஆசைப்படுகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் புத்தகக் கடையினர்,
மதுரை