கதிரையோடு தூக்கிய நால்வருக்கும் ஊராருக்கும் நன்றி

பாசையூர்,
யாழ்ப்பாணம்.

கிறிஸ்துவில் அன்பான உறவுகளே, அயலவர்களே,

என் கணவர் எங்களை விட்டுப் போய் நாளைக்கு 31ஆம் நாள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள், பந்தல் போட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து போனில் அழுதவர்கள், சேமக்காலைவரை கூட நடந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி நோட்டீஸ் அடித்தாயிற்று. அந்த நாலு வரிக்குள் அடங்காத நன்றி ஒன்று என்னிடம் மிச்சம் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் நாளைக்குக் கோயிலில் முழந்தாளிட எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு முதலில் வந்தது வயிற்றுக்குத்து. காட்டிய இடத்தில் வாயு என்று மூன்று மாதம் குளிசை தந்தார்கள். பிறகு பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்தால், குடலில் இருந்த கட்டி ஈரல்வரை போய்விட்டது. அந்த மூன்று மாதத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் இது நன்றி மடலாக இராது.

அன்றிலிருந்து எனக்குச் செபம் வரவில்லை. ஒரு நாளும் செபமாலை தவறாதவள் நான். 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டுகிற மழையில், செம்மணி வெளி தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊரே அடியடியாக நகர்ந்தபோது, வயிற்றில் பிள்ளையோடு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டுதான் நடந்தேன். சாவகச்சேரியில் முன்பின் தெரியாத சைவக் குடும்பம் ஒன்று மாட்டுக்கொட்டிலைக் கூட்டி மெழுகி எங்களைப் படுக்கவிட்டது. ஆண்டவர் கைவிடவில்லை என்று அன்றைக்கு வாய் தானாகச் சொன்னது. இந்த முறை மணி விரலில் உருளும், வாய் திறக்காது. அந்தோனியார் கோயில் வாசல்வரை போய், உள்ளே போகாமல் திரும்பிய செவ்வாய்க்கிழமைகள் எத்தனையோ.

அப்போதுதான் எங்கள் பங்கின் அயல்வீட்டுச் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் நீங்கள் எங்கள் விறாந்தையில் வந்திருந்து செபிக்கத் தொடங்கினீர்கள். நான் குசினிக்குள் கஞ்சி துழாவிக்கொண்டு நிற்பேன். “வாங்கோ அக்கா, வந்திருந்து சொல்லுங்கோ” என்று ஒருத்தியும் கூப்பிடவில்லை. ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. அதற்கே நான் உங்களுக்குக் கடன்பட்டவள். பக்கத்து வீட்டு ரீச்சர் நல்லூரில் அர்ச்சனை செய்து, விபூதியைப் பேப்பரில் மடித்துக்கொண்டு வந்து, “ஐயாவின்ர தலையணைக்குக் கீழ வைக்கட்டோ?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டா. “வையுங்கோ பிள்ளை” என்றார் அவர். கடைசிவரை அது அங்கேதான் இருந்தது.

கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களையும் சொல்லவேண்டும். அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில், நோயாளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போவது லேசான காரியமில்லை. கடற்றொழிலாளர் சங்கம் இரண்டு தரம் வான் பிடித்துத் தந்தது. அங்கே பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள், சிங்களப் பிள்ளை. எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு என் மொழி தெரியாது. நான் நித்திரையில்லாமல் இருக்கிறேன் என்று கண்டு, தன் பாயைச் சுட்டிக்காட்டி என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, இவர் கட்டிலடியில் விடியும்வரை அவள் முழித்திருந்தாள். இந்த மடல் அவளுடைய கண்ணில் படாது. ஆனாலும் எழுதுகிறேன்.

இனி அந்த நால்வர். மாசி மாதம் ஒரு விடியப்புறம் இவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்துக் கூப்பிட்ட அம்புலன்ஸ் வந்தும் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் றோட்டிலேயே நின்றுவிட்டது. கடலுக்குப் போக வெளிக்கிட்டு நின்ற நாலு பேர் ஓடிவந்து, இவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, ஆளுக்கொரு காலாய்ப் பிடித்துத் தூக்கினார்கள். முதலில் குனிந்து பிடித்தவர், களங்கண்ணி வலை பாய்ச்சும் இடத்துக்காக மூன்று வருடமாக இவரோடு முகம் பார்த்துக் கதையாதவர். “ஆட்டாதையுங்கோடா, மெதுவா” என்று அவர் சொல்லிக்கொண்டு போன குரல் இப்பவும் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு நாலு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை.

அடுத்த கிழமை பாதர் நற்கருணை கொண்டுவந்தபோது இதைச் சொன்னேன். அவர் மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து வாசித்தார். கப்பர்நாகூமில் ஒரு முடக்குவாதக்காரனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். வாசலில் சனம். கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு கண்டது தூக்கிவந்தவர்களுடைய நம்பிக்கையை. படுத்திருந்தவன் அந்தப் பகுதி முழுக்க ஒரு சொல்லும் பேசவில்லை. எத்தனையோ தரம் கேட்ட வாசகம்தான், அதில் அவன் வாய் திறக்காததை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். வாய் திறக்காமலே ஆண்டவர் முன்னால் போய்ச் சேரலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் அவன் எழும்பி நடந்தான். இவர் நடக்கவில்லை. ஏன் பாதர் என்று கேட்டேன். “எனக்கும் தெரியேல்ல அம்மா” என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலிருந்து அவரும் அழுதார். விளக்கம் சொல்ல முயலாத அந்த மனத்துக்கு என் நன்றி.

கடைசி இரவு அவரோடு கூத்தாடியவர்கள் வந்து கட்டிலைச் சுற்றியிருந்து, சத்தத்தைத் தணித்து, பழைய கூத்துப் பாட்டைப் படித்தீர்கள். கண் திறக்கவில்லை. சுண்டுவிரல் மட்டும் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. விடிய நாலு மணியளவில் எனக்கு வாய் திறந்தது. ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று தொடங்கி, ‘உம்முடைய திருவுளம்’ வந்ததும் நின்றுவிட்டேன். மிச்சத்தை நீங்கள்தான் சொல்லி முடித்தீர்கள். ஆண்டவர் எனக்குச் செய்த உதவி எது என்று யாராவது கேட்டால் நான் அந்த மிச்சத்தைத்தான் காட்டுவேன்.

அடைவு வைத்த தாலிக்கொடியை மீட்கப் பெயர் எழுதாத கடித உறையில் காசு வைத்துவிட்டுப் போனவருக்கும் சொல்கிறேன்: கொடி என் கழுத்தில்தான் கிடக்கிறது.

நாளைக் காலைப் பூசைக்கு எல்லோரும் வாருங்கள். பிறகு வீட்டில் சாப்பாடு. சாப்பாடு கொண்டுவந்து தந்த எவர்சில்வர்ச் சட்டிகளில் ஐந்து இன்னும் எங்கள் குசினியில் இருக்கின்றன. ஒன்றின் மூடியில் சிவப்பு நெயில்பொலிஷ் பொட்டு. உரியவர்கள் வந்து எடுங்கள். வெறும் சட்டியாகத் தரமாட்டேன்.

அன்புடன்,
அவருடைய மனைவியும் பிள்ளைகளும்