ஆண்டறிக்கை 2022–23: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, கூடப் படித்தவர்களே, வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு 7 முறை கூடியது. ஒரு முறை ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். அதையும் சேர்த்தால் 8. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது சுற்றுச்சுவர் சமாச்சாரம்.

2022 ஜூன் கூட்டத்தில், கையிருப்பை வைத்துச் சுவருக்கு வெள்ளையடித்துத் தலைவர்கள் படம் வரைவது என்று முடிவானது. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தில் பாசி ஏறிக் கறுத்த சுவர், யாருக்கும் மறுப்பில்லை. கொட்டேஷனும் வாங்கியாயிற்று. அதைக் காட்டப் பள்ளிக்குப் போனபோது நாலாம் வகுப்பு டீச்சர், “சுவரு கெடக்கட்டும் சார், இதக் கொஞ்சம் கேளுங்க” என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். ‘கொடி’ என்றிருந்ததை அவள் ‘கெரடி’ என்று படித்தாள். கொம்பைப் பார்த்துக் ‘கெ’ என்றாள், துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டாள். திக்கவில்லை, தயங்கவில்லை. ராகம் போட்டுச் சத்தமாகப் படித்தாள். எனக்கு அதுதான் என்னவோ செய்தது.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது அவள் முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டில். 1 முதல் 8 வரை திரும்பத் திறந்ததே 2021 நவம்பர் 1. ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடி பூட்டு, பிப்ரவரியில் திறப்பு. மூன்றாம் வகுப்பும் அப்படிப் போயிற்று. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, இல்லையென்று சொல்லவில்லை. பெரியவர்கள் நடவுக்குப் போய்விட்ட வீட்டில் ஏழு வயசுப் பிள்ளை எந்தச் சேனலை வைத்திருக்கும்?

அரசும் சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு நம் ஊர்ப் பெண்கள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம். நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் ஆண்டில் அது 1 முதல் 3 வகுப்பு வரைக்கும்தான். எழுத்து படியவேண்டிய வயசில் வீட்டில் இருந்துவிட்டு நாலுக்கும் அஞ்சுக்கும் போய்விட்ட பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இந்த 2023–24-இல்தான் அது அவர்களுக்கும் வந்திருக்கிறது.

அதனால் சுவர்த் தீர்மானத்தை ஜூலையில் மாற்றினோம். பாய், சிலேட்டு, இரட்டைக்கோடு நோட்டு வாங்கினோம். வாரத்தில் 4 நாள் கடைசி ஒரு மணி நேரம், உறுப்பினர் ஒருவருக்கு 3 பிள்ளைகள், வாசிப்பு மட்டும். முதல் மாதம் 11 பேர் வந்தோம். தீபாவளிக்குப் பிறகு 4 பேர். ஓடிப்போனவர்களில் செயலாளரும் ஒருவர், ஜனவரியில் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன். ஒரு நாளும் தவறாமல் வந்தவர் ஓய்வுபெற்ற நம் தபால்கார அண்ணன். அவர் பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவந்து, பெண் வீடு எந்த ஊர், மாப்பிள்ளையின் தாத்தா பெயர் என்ன என்று தேடவைத்தார். தெரிந்த ஊர், தெரிந்த பெயர் என்றால் எழுத்து தானாகப் பிடிபடுகிறது. ‘கெரடி’ பிள்ளை பிப்ரவரியில் ஒரு பக்கம் முழுதாகப் படித்தாள். ‘கொ’வும் ‘கோ’வும் இன்னும் இடிக்கிறது. சரி, வந்துவிடும்.

கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு நிலையை வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்லும் அசர் (ASER) அறிக்கை 2023 ஜனவரியில் வெளியானது. அது, நம் மாநிலத்துக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு 4.8 பேர் என்றது. 2018-இல் 10.2. நாம் மட்டும் இல்லை என்று ஒரு வெட்கங்கெட்ட ஆறுதல். ஆனால் அந்த 10.2 கொரோனாவுக்கு முந்தைய கணக்கு என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கிருமி தலையில் கட்டிவிட முடியாது.

ஆசிரியர்களைப் பற்றி. கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளால் சேர்க்கை கூடியது, பணியிடம் கூடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 7,500 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக வந்த டீச்சருக்கு முதல் 3 மாதச் சம்பளம் கைக்கு வரவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் அடுத்த மேசையைக் காட்டினார்கள். பஸ் காசுக்குச் சங்கம் கொடுத்த முன்பணத்தை அவர் பொங்கலுக்கு முன் திருப்பிக் கட்டிவிட்டார். வருகையும் மதிப்பெண்ணும் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைப்பது வேப்பமரத்தடியில் மட்டும். பாடம் நடத்தவேண்டிய நேரத்தில் அங்கே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கிற டீச்சரைப் பார்த்துவிட்டு, “வேலையே செய்யறதில்ல” என்று ஊரில் பேசினார்கள். இப்போது இணைய இணைப்பு வாங்கித் தந்திருக்கிறோம், மாதக் கட்டணம் சங்கத்துடையது. பேச்சும் குறைந்திருக்கிறது.

இன்னொன்று. நம் ஆசிரியைகளில் ஒருவர் 2021 இரண்டாம் அலையில் கணவரைப் பறிகொடுத்தவர். பள்ளி திறந்த அன்று, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டாராம். அவரைக் கேட்க நம் யாருக்கும் வாய் வரவில்லை. இந்த ஆண்டு ஆசிரியர் தினத்தன்று பேனாவும் பொன்னாடையும் வேண்டாம் என்று முடிவு செய்து, எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்து இலை போட்டு நாங்கள் பரிமாறினோம். சாப்பாடு முடிந்தும் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அறிக்கையில் வராது.

எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்கள் நின்றுவிட்டார்கள். ஒருவன் பந்தல் போடும் ஆட்களோடு போய் நாளுக்கு 300 ரூபாய் பார்த்தவன். நாங்கள் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா, “ரெண்டு வருஷம் நீங்க வரச் சொல்லல, இப்ப வரச் சொல்றீங்க” என்றார். பதில் இல்லை. அவன் திரும்பி வந்தான். முகூர்த்த நாளில் வரமாட்டான். அதைப் பதிவேட்டில் எப்படிக் காட்டுவது என்பது வகுப்பாசிரியரின் தலைவலி. இன்னொருவன் திருப்பூரில் இருக்கிறான். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு 50,000 பேருக்கு மேல் வரவில்லை என்று செய்தி வந்தபோது பலரும் திகைத்தார்கள். 2020–21-இல் பொதுத்தேர்வு எழுதாமலே பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் அவர்கள். எனக்கு அந்த அம்மாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

2023 ஆகஸ்ட் 25-இல் நம் நாகை மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்கும் விரிந்தது. காலை வழிபாட்டில் மயங்கி உட்காருகிற பிள்ளை இப்போது இல்லை என்கிறார் தலைமை ஆசிரியை. வாசிப்பு நேரத்துச் சுண்டல் மட்டும் தொடர்கிறது.

புதிய நிர்வாகிகள் தேர்தல் அடுத்து நடக்கும். செயலாளர் பதவிக்கு நான் நிற்கவில்லை, வாசிப்பு நேரத்துக்கு வருவேன். ஆள் இன்னும் 6 பேர் வேண்டும், பெயரைத் தபால்கார அண்ணனிடம் கொடுங்கள். சுவர் அப்படியேதான் இருக்கிறது. கொட்டேஷன் நீல நிறக் கோப்பில் இருக்கிறது, விலை ஏறியிருக்கும்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்