ஒரு சாண் தண்ணீர்

தலைஞாயிறு
மாசி 10

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "காலநிலை மாற்றப் படிப்பை முதல் செமஸ்டரோடு நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன் அப்பா" என்றாய். "யோசித்துச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வாரமெல்லாம் ஆபீஸ், சனி ஞாயிறு வகுப்பு, பேத்தி தூங்கிய பிறகு உட்கார்ந்து கட்டுரை. அதிலும் தேர்வு வந்து விழுவது கார்த்திகையில். மழைக்காலத்தில் நீர்வளத்துறைக்காரர்களுக்கு லீவு ஏது? ராத்திரி முழுக்க ஏரிக்கரையில் நின்றுவிட்டு, காலையில் போய்த் தேர்வு எழுதியிருக்கிறாய். உன் ஆபீஸில் ஒருவர், "முப்பத்தெட்டு வயதில் காலநிலை மாற்றப் படிப்பு எதற்கு, பிரமோஷனுக்கு உதவுமா?" என்று கேட்டார் என்றாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உனக்குச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது உன் பாடக்குறிப்புக் கட்டு ஒன்றை அலமாரியில் விட்டுப் போய்விட்டாய். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாளாக அதைப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் ஒரு வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று இருந்தது. 20 சென்டிமீட்டர் என்பது ஒரு சாண்தானே! எழுந்து போய்க் கதவில் கையை விரித்து வைத்துப் பார்த்தேன்.

மற்றவர்களுக்கு ஒரு சாண் என்பது ஒன்றுமே இல்லை. முப்பத்தொரு வருடம் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக, அதன் கதவான ஷட்டரைத் தூக்கி இறக்கியவனுக்குத்தான் அது என்ன என்று தெரியும். நம் கடற்கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் மொத்தமே இரண்டு மூன்று அடிக்குள். அந்த அளவில்தான் நம் வயல் தண்ணீர் கடலுக்கு வடிந்தாக வேண்டும். கடல் ஏறியிருக்கும்போது ஷட்டரைத் திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வற்றும்போது திறந்தால்தான் வெள்ளம் வெளியே போகும். கடல் ஒரு சாண் உயர்ந்து நின்றால் அந்த வடியும் நேரம் குறையும். குறையும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை மா நிலத்துப் பயிர் அழுகும் என்று உன் புத்தகத்தில் இல்லை. அதை நீதான் எழுத வேண்டும்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தது நினைவிருக்கிறதா? நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். காரைக்கால் பக்கம் புயல் கரையைக் கடந்த அன்று அமாவாசை, கடல் அதிகம் ஏறும் நாள். மழைத் தண்ணீர் மேலேயிருந்து வந்துகொண்டே இருக்கிறது, கீழே கடல் ஏறி நிற்கிறது. மதகுமேல் நான் ஒருவன். மேற்குக் கரை ஊர்க்காரர்கள் டார்ச் லைட்டோடு வந்து "திற, பயிர் போகிறது" என்கிறார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் "திறந்தால் உப்பு ஏறிவிடும், மூன்று வருடத்துக்கு விளையாது" என்கிறார்கள். இரண்டு பக்கம் சொன்னதும் சரிதான். தண்ணீர் அளவு காட்டும் கேஜ் போர்டின் மேல் லைட்டை அடித்துக்கொண்டு, கடல் பக்கம் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்குகிறதா என்று விடியவிடியப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கியதும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் மதகின் மூன்றாவது கண்ணில் ஷட்டர் நகரவில்லை, ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. நாலு பேர் கயிறு கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளிவிட்டார்கள். அதற்குள் கடல் மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டது.

அன்றைக்கு அந்த மதகுமேல் காலநிலை படித்த பொறியாளர் ஒருவர் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். ஆகாயத்தாமரையை ஐப்பசிக்கு முன்பே எடுக்கச் சொல்லியிருப்பார். அமாவாசை, பௌர்ணமியையும் மழை அறிவிப்பையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு நாள் முன்பே வாய்க்காலைக் காலியாக்கி வைக்கச் சொல்லியிருப்பார். இரண்டு ஊர்க்காரர்களையும் புரட்டாசியிலேயே உட்கார வைத்துப் பேசியிருப்பார்.

தகவமைப்பு என்று நீ சொல்வதை நாங்கள் 'காலத்துக்குத் தோதாகச் செய்துகொள்வது' என்போம். நம் சித்தப்பா இந்தச் சம்பாவுக்கு இரண்டு நெல் விதைத்தார். மேட்டு வயலில் சி.ஆர். 1009 சப்-1. வெள்ளத்தில் மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்ததுபோல் இரண்டு வாரம் வரை கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அந்தக் குணம் ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து வந்தது. பள்ளக்காலில் காட்டுயானம். அது தண்ணீரோடு போட்டி போட்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிடும். ஒன்று அடங்கிப் பிழைக்கிறது, மற்றொன்று ஓங்கிப் பிழைக்கிறது. எந்த வயலுக்கு எது என்று சொல்லத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும்.

உன் குறிப்பில் இன்னொரு சொல் இருந்தது, தவறான தகவமைப்பு என்று. ஒரு இடத்தைக் காப்பாற்றப் போய் இன்னொரு இடத்தைக் கெடுப்பது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு இவ்வளவு நாள் தெரியாது! சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் அரித்தது. கல்லைக் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. நம் ஊரிலும் ஒரு கரையை மட்டும் உயர்த்தினால் வெள்ளம் எதிர்க்கரையில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த கரைக்காரனைக் கேட்காமல் போடும் சுவர் எதுவும் பாதுகாப்பு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு உன்னைச் சிறு வயதில் படகில் கூட்டிப் போனேனே. அங்கேயும் பிச்சாவரத்திலும் காடு அழிந்ததற்கு, மாடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தார் வந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலம் முதல் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்து வெட்டியதில் தரை தாழ்ந்து தொட்டிபோல் ஆகிவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் தேங்கிக் காய்ந்து உப்பு முற்றியது. மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வந்து போக வழி செய்தார்கள். ஊர்மக்களும் சேர்ந்து கன்று நட்டார்கள், காடு திரும்பியது. அதே முத்துப்பேட்டைக் காட்டை 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப் போட்டது, அதுவும் உண்மை. ஆனால் தவறான ஆளைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் காடு முதலில் திரும்பியே இருக்காது. படிப்பு செய்யும் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வெண்ணாற்றுப் பாசனப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016-இல் 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே காலநிலைத் தகவமைப்பு இருக்கிறது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு எல்லாம் நான் சைக்கிளில் சுற்றிய கரைகள். அவ்வளவு பணம் வந்த இடத்தில், இந்தப் பாடம் படித்தவர்கள் ஆபீஸுக்கு ஒருவராவது இருக்க வேண்டாமா? இருபத்திரண்டு வயதில் இதைப் படிக்கிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் கையில் ஷட்டர் இல்லை. சனிக்கிழமை வகுப்பில் கேட்டதைத் திங்கட்கிழமை ஏரிக்கரையில் பார்க்க உன்னால் முடியும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது பாரம் என்று நினைக்காதே. இந்தப் படிப்புக்கு அந்த வேலைதான் அடியுரம்.

ஆய்வறிக்கைக்கு என்ன எடுப்பது என்று தெரியவில்லை என்றாய். நம் கடைமடை வடிகாலை எடு. ஒரு சாண் என்பது உலகச் சராசரி, நம் கடலில் எவ்வளவு என்று கண்டுபிடி. மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு வண்டல் வரத்து குறைந்து நிலமும் அமுங்குகிறதா என்று பார்.

என்னிடம் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. மழை பெய்த நாள், அமாவாசை, கேஜ் எத்தனை அடி, ஷட்டர் எப்போது தூக்கினேன், எப்போது இறக்கினேன் என்று எழுதி வைத்தவை. ஆபீஸ் பதிவு தனி, இது எனக்காக எழுதியது. எட்டு இருந்தன, இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மீதி ஆறில் 1996 முதல் 2014 வரை இருக்கிறது, நடுவில் சில மாதங்கள் விட்டுப்போயிருக்கும். இரவு நேரத்தில் எழுதியதில் மையில் தண்ணீர் பட்டு அழிந்த இடங்களும் உண்டு. படிக்க முடியாவிட்டால் கேள், எனக்கு நினைவிருக்கும்.

உளுந்து எடுத்ததும் அம்மா அங்கே வருகிறாள். அடுத்த தேர்வு முடியும் வரை இருப்பாள், பேத்தியைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் அவள் பொறுப்பு. நான் இங்கே தனியாகச் சமாளித்துக்கொள்வேன், அதை நினைத்துக் கவலைப்படாதே. மாப்பிள்ளையிடமும் பேசிவிட்டேன்.

நோட்டுகளை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, புதன்கிழமை இரவு பஸ்ஸில் அனுப்புகிறேன். வியாழக்கிழமை காலை கிளாம்பாக்கத்தில் மாப்பிள்ளையை வாங்கிக்கொள்ளச் சொல். 2008 நோட்டு பச்சை அட்டை, அதை முதலில் பிரி.

அன்புடன்,
அப்பா