பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரைகள் குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் ஒப்படைத்த ஆய்வுக் கட்டுரைகளைச் சென்ற வாரம் ஆசிரியர்களுடன் அமர்ந்து நானும் படித்தேன். கீழடியைப் பற்றி எழுதியவர்களே அதிகம். அவற்றுள் நான்கு கட்டுரைகளில் ஒரே பத்தி ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. ஒன்றில் வாக்கியத்தின் நடுவே ‘மேலும் படிக்க’ என்ற சொற்களும் சேர்ந்து அச்சாகியிருந்தன. அந்த மாணவனை அழைத்துக் கேட்டேன். “நெட்டுல இருக்கறது எல்லாருக்கும் பொதுதானே ஐயா” என்றான். அவன் உண்மையாகவே அப்படி நம்பியிருக்கிறான். எடுத்ததை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுத வேண்டும் என்பதை நாங்கள் முறையாகக் கற்பிக்காமல் தலைப்பை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டோம் என்பதால், இம்முறை யாருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை.

‘கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு’ என்று பல கட்டுரைகள் ஒற்றை வரியில் சொல்கின்றன. யார் சொன்னது, எதைக் கொண்டு சொன்னது என்பது எதிலும் இல்லை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் சோதிக்கப்பட்ட கரிம மாதிரிகளின் முடிவை வைத்து அந்தக் காலத்தைக் குறிக்கிறது என்று எழுதியிருந்தால், படிப்பவர் அறிக்கையைத் தேடி எடுத்துச் சரிபார்க்க முடியும். ஒப்புக்கொள்ளாதவர் எதை மறுக்க வேண்டும் என்பதையும் அறிய முடியும். கீழடியின் காலம் குறித்து அறிஞர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. சான்று இல்லாத வரியோடு நம் பிள்ளைகள் அந்த விவாதத்திற்குள் நுழைய முடியாது.

யார் சொன்னது என்று குறிப்பது வெளியிலிருந்து வந்து நம்மீது ஏறிய வழக்கம் அன்று. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோர் கருத்தைச் சொல்லும் இடங்களில் ‘என்ப’ (என்று சொல்வர்) என்றும் ‘என்மனார் புலவர்’ (என்று புலவர் சொல்வர்) என்றும் முடிக்கிறார்.

சொற்களை மாற்றிவிட்டால் போதும் என்று பிள்ளைகள் பலர் எண்ணுகிறார்கள். ‘கண்டெடுக்கப்பட்டது’ என்பதைக் ‘கிடைத்தது’ என்று மாற்றினாலும் கருத்து முதலில் எழுதியவருடையதுதான். அவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் நூற்பெயர்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இல்லாத நூலை இருப்பதாகச் சொல்லும் வழக்கம் அவற்றுக்கு உண்டு.

ஒரு மாணவியின் கட்டுரை என் மனத்தில் நிற்கிறது. தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதியிருந்தாள். மடை திறக்கும் முறை, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், கரை உடைந்த ஆண்டில் ஊரே கூடி மண் சுமந்தது என்று வேறெங்கும் கிடைக்காத செய்திகள் அதில் இருந்தன. எங்கிருந்து எடுத்தாய் என்று ஆசிரியை கேட்டதும் பயந்துபோய், “அப்பத்தா சொன்னது டீச்சர், புக்கு எதுவும் இல்ல” என்றாள். அப்பத்தாவின் பெயர், வயது, ஊர், பேசிய நாள் ஆகியவற்றை அடிக்குறிப்பாக எழுதச் சொன்னோம். அந்தக் குறிப்பு சேர்ந்தபின் அவளுடைய கட்டுரைக்கு ஒரு சாட்சி கிடைத்தது. தேடிப் போய்க் கேட்டெழுதிய அவள் உழைப்பும் தெரிந்தது.

பிறர் எழுத்தைப் பெயர் சொல்லாமல் எடுப்பதைக் கல்லூரியில் இத்தனை பொறுமையோடு பார்க்க மாட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் அந்தப் படிப்புக்கான மாணவரின் பதிவே ரத்தாகும்.

உங்களிடம் வேண்டுவது இரண்டு. தலைப்பைச் சொன்னால் இருபது பக்கம் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுத் தரும் கடைகளில் கட்டுரை வாங்கித் தராதீர்கள். பிள்ளைக்காக நீங்களும் எழுதித் தராதீர்கள். அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, படிக்கும்போதே ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றையும், இணையதளம் என்றால் அதன் முகவரியையும் பார்த்த நாளையும் குறித்துவரச் சொல்லுங்கள். எல்லாம் எழுதி முடித்தபின் தேடினால் பாதி கிடைக்காது.

திருத்திய கட்டுரைகளைப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் ஒப்படைத்தால் போதும். ஐயம் உள்ளவர்கள் வேலைநாட்களில் மாலை 4 மணிக்கு மேல் பள்ளி நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம். வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கட்டுரையும் கையில் இருக்கட்டும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்