ரெக்கார்டு நோட்டில் அழித்த எண்

உ
சிவமயம்

கண்டனூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மீனாளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் உன் ஆத்தாளும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல். கடிதம் எழுதிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. போனை எடுத்தாலும் "வேலையாக இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்று நீ வைத்துவிடுவதால், குறுக்கிட முடியாத ஒன்றாக இருக்கட்டுமென்று தாளை எடுத்தேன். வளவில் மேற்கு மூலையில் ஓடு மாற்றியாயிற்று. ஆத்தாளுக்கு முழங்கால் வலி முன்போலத்தான். நீ இராத்திரியில் விழித்திருந்து கணக்குப் பார்க்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் கோட்டையூரில் ஒரு கல்யாணத்தில், உன்னோடு சென்னையில் படித்த பையனைப் பார்த்தேன். உங்கள் குழு இந்த மாதம் வெளியிடுவதாக இருந்த முடிவு தள்ளிப்போயிருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். ஆய்வு என்றால் தள்ளிப்போவது இயல்புதான் என்று வீட்டுக்கு வந்து உன் ஆத்தாளிடம் சொல்லிவிட்டேன்.

போன பிள்ளையார் நோன்புக்கு நீ வந்திருந்தபோது, இழை எடுத்து முடித்துப் பட்டாலையில் உட்கார்ந்து, விடையைப் பார்க்காமலே கணக்குப் போடும் உங்கள் முறையை எனக்கு விளக்கினாய். கருவி பதிந்ததில் முக்கியமான பகுதியை மூடி வைத்துவிட்டு, எதை எடுப்பது, எதைத் தள்ளுவது, பிழை எவ்வளவு என்பதையெல்லாம் முதலில் முடிவு செய்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே பெட்டியைத் திறப்பீர்கள் என்றும், திறந்தபின் எது வந்தாலும் அதை அப்படியே வெளியிடுவீர்கள் என்றும் சொன்னாய். 34 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெருமையில் தூங்கவில்லை என்று உன் ஆத்தாளிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும் உங்களைப் போலவே நியூட்ரினோ என்ற நுண் துகளைத் தேடிய ரேமண்ட் டேவிஸை நினைத்துப் பார். அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியில், சலவைக் கடையில் அழுக்கெடுக்கப் பயன்படுத்தும் திரவத்தை 600 டன்னுக்கு மேல் தொட்டியில் நிரப்பி வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் நகக்கண் அளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்துபோகின்றன. அவ்வளவு பெரிய தொட்டியிலோ அவை மோதி இரண்டு நாளைக்கு ஓர் ஆர்கான் அணு உண்டானால் உண்டு. கணக்கு சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைத்தது. தொட்டியில் ஏதோ கோளாறு என்று பலரும் நினைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தெரிந்த அளவு ஆர்கானைத் தானே உள்ளே விட்டு, அது திரும்பக் கிடைக்கிறதா என்று சோதித்தார், கிடைத்தது. எண்ணை மட்டும் அவர் தொடவே இல்லை. வரும் வழியில் நியூட்ரினோ வேறு வகையாக மாறிவிடுகிறது என்பது கனடாவின் சட்பரி ஆய்வகத்தால் 2001, 2002 ஆம் ஆண்டுகளில் தெளிவான பிறகுதான், அவருடைய மூன்றில் ஒரு பங்கு சரியான அளவு என்று உலகம் ஒப்புக்கொண்டது. நோபல் பரிசை வாங்கும்போது அவருக்கு வயது 88.

அது சரியாக அளந்தவர் கதை, தவறாக அளந்தவர்கள் கதி என்ன என்று நீ கேட்கலாம். 2011 செப்டம்பரில், ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு 730 கிலோமீட்டர் வந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்தன என்று ஓபெரா என்ற ஆய்வுக் குழுவினர் அறிவித்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது விடுதியிலிருந்து போன் செய்து ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினாய். (அப்படிப் பேசிய பெண் நீ.) சில மாதங்களில், ஒளியிழைக் கம்பி ஒன்று இணைப்பில் சரியாகப் பொருந்தாமல் இருந்ததைக் கண்டுபிடித்தவர்களும் அதே குழுவினர்தான். தலைமையில் இருந்தவர்கள் பதவி விலகினார்கள் என்பதும் உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அதே கருவியில், அதே ஆட்கள், 2015இல் டௌ என்ற வகை நியூட்ரினோவில் ஐந்தாவதைப் பிடித்து, தாங்கள் எதற்காகக் கருவி கட்டினார்களோ அதை நிறைவேற்றினார்கள். கம்பி கழன்றிருந்ததை ஊரறியச் சொன்னதால்தான் பின்னால் சொன்னதை ஊர் நம்பியது என்பது என் எண்ணம்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. போடி மலையில் கட்டுவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தின் அந்த 50,000 டன் காந்தம் எழும்பியிருந்தால், நீ தேனியில் இருந்திருப்பாய், நான் பஸ் ஏறி வந்து முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பேன். 1965இல் கோலார் தங்க வயலுக்கு அடியில், காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டு உலகுக்கு முதன்முதலாக அறிவித்த கூட்டத்தில் நம் நாட்டாரும் இருந்தார்கள். அந்தச் சுரங்கமும் மூடிக் கிடக்கிறது. நீ எங்கோ பனியில் இருக்கிறாய். இருக்கட்டும். இராத்திரி விழிக்காதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

என் ஐயா பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்த காலத்தில், ஐந்தொகைக் கணக்கில் ஓரணா இடித்தால்கூட விளக்கை அணைக்கவிடமாட்டார்களாம். வித்தியாசத்தைத் தன் பையிலிருந்து போட்டு நேர்செய்பவனை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்தப் பரம்பரையில் வந்த நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது எழுத வேண்டும்.

ஓடு மாற்றுவதற்காக இரட்டை அறையை ஒழித்தபோது உன் பதினொன்றாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டு அகப்பட்டது. புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் தனி ஊசல் சோதனையில், கடைசிக் கட்டத்தில் உன் கையெழுத்தில் 9.78 என்று மூன்று வரிசையிலும் இருக்கிறது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ரப்பர் தேய்த்த இடத்தில் 9.59, 9.64, 9.66 என்று பென்சில் தடம் தெரிகிறது. முதலில் நீ கொண்டுவந்தது அதுதான். "தேர்வாளர் கேள்வி கேட்பார், மாற்றி எழுது" என்று சொன்னவன் நான். "ஏன் அப்பச்சி குறைவாக வருகிறது?" என்று நீ கேட்டதும், "இப்போது நேரமில்லை" என்று நான் சொன்னதும் நினைவில் இருக்கின்றன.

நூலின் நீளம் 60, 80, 100 சென்டிமீட்டர் என்று கூடக்கூட, விடையும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நீளத்தில் ஒரு நிலையான அளவு விடுபட்டிருந்தால்தான் அப்படி வரும். நீ கொக்கி வரைக்கும் அளந்துவிட்டு, குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கிறாய். 1.2 சென்டிமீட்டர் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், மூன்றும் 9.78க்கே வந்து நிற்கின்றன. பிழை எங்கே இருக்கிறது என்று அந்த எண்களே சொல்லிக்கொண்டிருந்தன, வாத்தியாராகிய நான் அதை அழிக்கச் சொன்னேன். உன்னிடம் மட்டுமல்ல, ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பிலும் அதைத்தான் செய்தேன். நோன்பன்று இரவு தூங்காததற்கு மீதிக் காரணம் இது. அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை.

உன் கணக்கில் ஏதேனும் இடித்தால், அதை நீ யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று எனக்குப் புத்தி சொல்லும் தகுதி இல்லை. என்னிடம் சொல்லத் தயங்கினாயானால் அந்தத் தயக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

நேற்று சாயங்காலம் ஊஞ்சல் கொக்கியில் நூலைக் கட்டி, கொத்தனார் விட்டுப்போன தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். குண்டின் நடுவரைக்கும் 142 சென்டிமீட்டர். ஆத்தாள் போனில் நேரம் பார்த்தாள், நான் எண்ணினேன். 20 அலைவுக்கு 48.06 நொடி, மூன்று தடவை எடுத்த சராசரி. விடை 9.71 வருகிறது. அதை அப்படியே உன் நோட்டின் பின்பக்கத்தில் மையால் எழுதி வைத்திருக்கிறேன். ஆத்தாளின் விரல் தாமதமா, வளவுக் காற்றா, தூக்குக்குண்டின் நடு எது என்று நான் கணித்ததில் தவறா என்று விளங்கவில்லை. உனக்குத் தோன்றுவதைப் போனில் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெளியே போவதில்லை.

அன்புள்ள
அப்பச்சி