கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தொடர்ந்து நைட் டூட்டி, இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. உன் பெண் பாண்டிச்சேரியிலேயே நர்சிங் சேர்ந்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். "முப்பது வருஷ நர்ஸ் வேலையில உனக்கு என்னடி கிடைச்சுது, அவகிட்ட சொல்லணும்" என்று கேட்டிருக்கிறாய். நீ சம்பளத்தைக் கேட்கவில்லை என்று தெரியும்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒரு பாட்டிக்கு டிரிப்ஸ் போட நரம்பு கிடைக்கவில்லை. மணிக்கட்டில் அழுக்கேறிய கறுப்புக் கயிறு ஒன்று இடைஞ்சலாகக் கிடந்தது, கேட்காமல் கொள்ளாமல் கத்தரியால் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். முகம் துடைத்ததில் நெற்றித் திருநீறும் போய்விட்டது. பாட்டி திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், விடியும்வரை மாத்திரையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். திருவதிகைக் கோயிலில் பேரன் வாங்கிக் கட்டிய கயிறு என்று காலையில் மகள் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. சூலை நோயில், அந்த வயிற்று வலியில் துடித்து வந்த தம்பி அப்பருக்கு அதே திருவதிகையில் திலகவதியார் திருநீறு கொடுத்தார் என்று கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான். அவரும் அக்காதான், நம்மையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கயிறாக இருந்தாலும் "இந்தக் கைக்கு மாத்திக் கட்டலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். முகம் துடைத்தால், அவர்கள் தலையணைக்குக் கீழே வைத்திருக்கும் திருநீற்றை நானே எடுத்துக் கொடுப்பேன்.

அப்புறம் போன மாதம் நடந்ததைக் கேள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஒரு அம்மா, திருப்பாப்புலியூர்க்காரர். தியேட்டரில் ரத்தத்தை நிறுத்தக் கரண்டில் சுடும் காட்டரி வைப்பார்கள், உடம்பில் நகை இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம், அதனால் தாலியைக் கழற்றியாக வேண்டும். அந்த அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுகிறார், கழற்றினால் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிடுமாம். பயிற்சிக்கு வந்த பெண் நேரமாகிறதென்று அதட்டப் போனாள், நான் அவளை நிறுத்திவிட்டு, மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஒன்றை அவர் மாமியார் கையில் கொடுத்து முதலில் அதைக் கட்டச் சொன்னேன், அது கழுத்தில் ஏறின பிறகுதான் தங்கத்தைக் கழற்றி அவர் கணவர் கையிலேயே ஒப்படைத்தோம், கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. விடிகாலையில பாடலீஸ்வரர் கோயில் பொங்கல் சாப்பிட்டேன்." வெறும் வயிறா என்று அதுவரை மூன்று பேர் கேட்டு மூன்று பேரிடமும் ஆமாம் என்று சொல்லியிருந்தார், பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று நினைத்துவிட்டார். கெட்டியான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், மயக்கத்தில் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போயிருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா. உடனே மயக்க மருந்து டாக்டரிடம் ஓடினேன், ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாயே, அந்த ஒரு வாக்கியம் கிடைத்தது.

நம்பிக்கையை மதிக்கிறேன் என்று எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுவதும் இல்லை. தையல் போட்ட புண்ணில் விபூதி வைக்க விடமாட்டேன், நெற்றியில் வையுங்கள் என்பேன். ரம்ஜான் மாதம் பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டே நோன்பு வைப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். நான் வாதாடவில்லை, அவர் பள்ளிவாசல் இமாமையே போனில் பேசச் சொன்னேன். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, குணமான பிறகு வைக்கலாம், முடியவே முடியாதவர்கள் ஏழைக்கு உணவு கொடுக்கலாம் என்று அவர் சொன்னதும் பாய் சாப்பிட்டார். கட்டிலை மட்டும் மேற்கே பார்த்தமாதிரி திருப்பிப் போட்டுக் கொடுத்தோம். வீட்டுக்குப் போகிற அன்று அவர் மனைவி என் பையனின் பெயரைக் கேட்டு அவனுக்காகத் துஆ செய்தார், அவன் அப்போது வேலை கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தான். வாசலில் நின்று அழுதுவிட்டேன்.

தேவனாம்பட்டினத்துப் பாட்டி ஒருவர் இறந்த ராத்திரி பற்றி நேரில் சொல்கிறேன். சர்ச் சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போன பிறகு, மகள் ஊரிலிருந்து வந்து சேரும்வரை ஜெபமாலையை அவர் விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் இருந்தேன். எழுதக் கை ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தானே. என் டூட்டி பையில் கத்தரியோடு ஒரு கண்டு மஞ்சள் கயிறும் எப்போதும் இருக்கும், அவளுக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் பழைய ஹாஸ்டல் தோழி